மூன்று விரல் பள்ளம்

எனக்கு எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும், ஐந்தாவதோடு நின்றவள். நாளும் தேதியும் மறந்துபோகிறது. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

இரண்டாயிரம் பிறப்பதற்கு ஒன்றிரண்டு வருஷம் முன்பு, திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் வேலை பார்த்தேன். பெரிய உலைகளின் கதவுக்கு உள்பக்கம் பதிக்கிற தகடு செய்வோம். வெறும் பீங்கான் என்றால் சூட்டில் படாரென்று வெடிக்கும். அதனால் சூடு தாங்கும் வெள்ளை நூல் துணியைப் பீங்கான் கூழில் முக்கி, அச்சின்மேல் அடுக்கடுக்காக அழுத்தி, காயவைத்துச் சுடுவோம். கடைசித் துணி போடுவது என் கை.

முதலாளிக்கு உப்பென்றால் அப்படி ஒரு பயம். உப்பு பட்ட இடம் சூட்டில் உருகி நூலைத் தின்றுவிடுமாம். கருவாடு கொண்டுவரக் கூடாது, மஞ்சள் பூசக் கூடாது, வியர்வை சொட்டக் கூடாது. தகரக் கூரைக்குக் கீழே, கடற்காற்றில், வியர்க்காமல் நிற்க வேண்டும்!

"மூச்சாவது வுடலாமா மொதலாளி?" என்றாள் பக்கத்தில் நின்றவள்.

"அளவா வுடு."

பெரிய ஆர்டர் ஒன்றுக்கு மாதிரித் தகடு காய்ந்து நின்றது. முதலாளி கற்பூரம் காட்டி, விபூதியைக் குழைத்து, அதன் நடுவில் மூன்று பட்டை இழுத்தார். அவர் கைக்குத் தடை ஏது? நாங்களும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம்.

சூளையைத் திறந்தபோது, வாங்க வந்த இன்ஜினியரும் இருந்தார். தகட்டின் நடுவில் மூன்று பள்ளம், கண்ணாடிபோல் உருகி.

முதலாளி என்னைப் பார்த்தார். "இன்னாம்மா இது? உப்புக் கையால தடவிகினு கீறியா? உன்னாலதான் பேஜாரு. நாளைலருந்து வராத."

அந்த வேலை போனால் வீட்டில் அடுப்பெரியாது. பட்டை போட்டதை எல்லோரும் பார்த்தவர்கள்தான். ஆளுக்கொரு துணியை எடுத்து மடிக்கக் குனிந்துகொண்டார்கள். எனக்கோ ஆம்பிளைகள் எதிரில் பேச்சே வராது. போய் என் மூன்று விரலைப் பள்ளத்தில் வைத்தேன். பொருந்தவில்லை, பள்ளம் அகலம்.

இன்ஜினியர் குனிந்து பார்த்தார். "சார், உங்க விரலைக் கொஞ்சம் வைங்க."

அச்சில் வார்த்ததுபோல் உட்கார்ந்தது.

"மூணு பட்டை... விபூதியா? சாம்பல்லயும் உப்பு மாதிரி உருக்குற சமாச்சாரம் இருக்கு சார்."

"சாமி காரியம் சார்..." முதலாளி இழுத்தார்.

"அப்ப சாமியும் கை கழுவிகினுதான் வரணுமாடி?" என்றாள் பக்கத்தில் நின்றவள், என் காதில், ஊருக்கே கேட்கிற மாதிரி.

மறுநாள் போனேன். ஏன் வந்தாய் என்று அவர் கேட்கவில்லை. தப்பு தன்னுடையது என்றும் ஒத்துக்கொள்ளவில்லை. கதவில் புது அட்டை தொங்கியது: 'பெண்கள் கை கழுவிவிட்டு வரவும்.'

சாம்பல் அப்படி உருக்குமா என்பதைப் படித்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள். விரல் கணக்கு மட்டும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.