இரண்டு விரற்கடை கண்ணாடி

எங்கள் ஊரில் வெயில் ஏறினால் வண்டிக் கண்ணாடியை இறக்குவோம். இந்த ரியாத்தில் ஏற்றுகிறார்கள். டிரைவர் விசாவில் வந்த புதிதில் எனக்கு இதுவே பெரிய அதிசயம். ஆனால் நான் ஓட்டிய காரில் மட்டும் ஏசி போட்டும் குளிரவில்லை. பின் இருக்கையில் வரும் முதலாளியின் தாயார், கண் மங்கியவர், விசிறிக்கொண்டே முனகுவார். ஒருநாள் முதலாளி "பாரித் மாஃபி!" என்று கத்தினார். குளிர் இல்லையாம். கேஸ் தீர்ந்திருக்கும் என்று சொல்ல அரபி தெரியாமல் தலையை ஆட்டினேன். குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் ஊருக்கு விமானம் என்று கையாலேயே காட்டினார். திரும்பினால் எனக்கு ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பின் சுண்ணாம்புக் குழிதான் கதி.

ஒர்க்‌ஷாப் மெக்கானிக் கரீம் பாய் எங்கள் பக்கத்து மேல்விஷாரத்துக்காரர். அந்த மாதத்தில் என்னிடம் தமிழ் பேசிய ஒரே மனிதர். கேஸ், பெல்ட் எல்லாம் பார்த்தார். முன்பக்கம் படிந்த மணலை ஊதினார். காற்று சில்லென்றுதான் வந்தது.

"ஒண்ணும் கோளாறு இல்லப்பா. ஒரு ரவுண்டு வுடு, பாக்கலாம்" என்று பின்னால் ஏறினார். தெரு திரும்பியதும், "இன்னாப்பா, கண்ணாடிய எதுக்கு எறக்குற? அனல் உள்ள வருது பாரு!"

அப்போதுதான் என் கையைக் கவனித்தேன். யாராவது ஏறினால் என் பக்கத்துக் கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்குவது எனக்கே தெரியாத வழக்கம். பத்து வருஷம் குழியில் நின்று தோல் அலசியவன் நான். வேலூர் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் எழுந்துபோவதற்கு முன் நானே ஜன்னலைத் திறந்துவிடுவேன். லாரி ஓட்டக் கற்ற பிறகும் அது போகவில்லை.

"என் மேல நாத்தம் அடிக்கும் பாய்" என்றேன்.

அவர் முன்னால் குனிந்து என் தோளருகே மோந்து பார்த்தார். "நானும் ஷாப்பு தெருவுல பொறந்தவன்தான். சோப்பு வாசனதான் வருது. ஏத்து கண்ணாடிய."

ஏற்றினேன். கார் குளிர்ந்தது, வேலையும் தப்பியது. என் பழைய நாற்றம்கூட இல்லாத அந்த மூடிய காருக்குள் எனக்கு முன்னைவிடத் தனிமையாக இருந்தது.

இரண்டு வருஷம் கழித்து லீவில் ஆம்பூர் போனேன். என் மனைவி ஸ்டெல்லா தோல் ஷாப்பு வேலை முடிந்து வந்தாள். ஆசையாக எதிரே போனேன். அவள் பின்வாங்கினாள்.

"கிட்ட வராதீங்க. ஷாப்புலேர்ந்து நேரா வர்றேன். குளிச்சிட்டு வந்துர்றேன்."

நான் மூக்கைச் சுளித்தேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. பின்கட்டில் அவள் தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தம் வெகுநேரம் கேட்டது. பெட்டியைக்கூடத் திறக்காமல், என் வீட்டிலேயே விருந்தாளி மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.