உப்பலுக்குப் போன இரண்டு கேன் சேறு

புதன், காலை ஏழு மணி, மாரெட்பள்ளி. ஹைதராபாத் வந்தவர்கள் சார்மினார் பார்ப்பார்கள். நான் ஒரு குடியிருப்பின் சுத்திகரிப்புத் தொட்டியிலிருந்து இரண்டு கேன் பழுப்புச் சேற்றை வாங்கிக்கொண்டு ஆட்டோ தேடினேன்.

எல்லாம் அக்காவுக்காக. உப்பலில் அவள் குடியிருப்புச் சங்கச் செயலாளர். அங்கே கழிவுநீர்த் தொட்டி லேசாக நாறியதும், சுத்தம் பார்க்கும் ஜனங்கள் வீட்டுக்கு வீடு பினாயிலும் பிளீச்சிங் பவுடரும் கொட்டினார்கள். அழுக்கைத் தின்று தண்ணீரைத் தெளியவைக்கும் நுண்ணுயிர்கள் கூண்டோடு செத்தன, நாற்றம் இன்னும் மோசமானது. நன்றாக ஓடும் வேறு தொட்டியின் சேற்றை ஊற்றினால் அவை மீண்டும் பெருகும் என்பது அக்காவின் நம்பிக்கை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குள் சரியாகாவிட்டால் தொட்டியைப் பூட்டிவிட்டுச் சாக்கடையை ஏரியில் விடுவதாகச் சங்கத்தில் முடிவு. இந்தத் தவணையே அவள் சண்டை போட்டு வாங்கியது.

ஆட்டோக்காரர் ரயில்வே காலனியில் பிறந்த தமிழர். நானூறு ரூபாய்க்குப் பேசி நான் ஏறிய பிறகுதான் அவர் மூக்கைப் பிடித்தார்.

"மூடி போடுங்க சார்!"

"மூடினா செத்துரும். உள்ள உயிர் இருக்கு, காத்து வேணும்."

"நக்கோ சார், வேணாம், எறங்குங்க!"

விஷயத்தைச் சொன்னதும் தணிந்தார். தார்நாக்கா சிக்னலில் வண்டி நின்றபோது எனக்கு உயிரே இல்லை. சேற்றுக்குள் காற்று போக, குச்சியால் கலக்கிக்கொண்டே இருந்தேன்.

"குலுங்கினா நல்லதா சார்?"

"ரொம்ப நல்லது."

"ஹவ், அப்படியா? அப்ப பாருங்க!"

ஹப்சிகுடா வரை ஒரு பள்ளத்தையும் அவர் விடவில்லை.

ஒன்பது மணிக்கு அக்கா கேட்டிலேயே நின்றிருந்தாள். வீடு வீடாகப் பிடுங்கி வந்த பினாயில் பாட்டில்கள் அவள் பால்கனியில் வரிசையாக இருந்தன. சேற்றை ஊற்றி, நுண்ணுயிர்களுக்குத் தீனியாக வெல்லக் கரைசல் விட்டு, காற்றூதும் மோட்டாரைப் போட்டாள். கறுப்புத் தண்ணீர் கொதிப்பது போலப் புரண்டது.

"சல்லடையில பிளாஸ்டிக் நின்னுடும். இங்க இதுங்க அழுக்கைத் தின்னும். அடுத்த தொட்டியில சேறு படிஞ்சா மேல தெளிஞ்ச தண்ணி. அதை வடிகட்டிச் செடிக்கு விடுவோம்" என்றாள். தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். "பிழைச்சுக்குமாடா?"

தெரியவில்லை என்றேன். மாலை ரயிலில் சென்னைக்கு ஏறியும் இருப்புக் கொள்ளவில்லை. வழியெல்லாம் போன் செய்து திட்டு வாங்கினேன்.

ஞாயிறு காலை அவளே அழைத்தாள். "நாத்தமே இல்லடா. மழை பெஞ்ச மண்ணு மாதிரி வாசம்."

"கூட்டத்துல என்ன சொன்னாங்க?"

"கூட்டமா? நாத்தம் போனப்புறம் எவன்டா வருவான்? நான் மட்டும்தான் உக்காந்திருக்கேன்."


சொல்லிவிட்டு அவள் சிரித்த சிரிப்பு நிற்கவே இல்லை.