சதுப்பில் இறக்கிய கால்கள்

வட ரஷ்யாவின் அர்காங்கெல்ஸ்கில் எங்கள் தெரு மரவீடுகளெல்லாம் சதுப்பில் இறக்கிய மரக்கால்கள்மேல் நிற்பவை. கீழ்வீட்டில் ஃபைனா தனியாக இருந்தாள். மர அறுவை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மாடியில் தனித்தனி அறைகளில் நானும், ஊன்றுகோலோடு நடக்கும் ஸகாரும்.

ஒரு கோடையில் ஃபைனாவின் கதவு சட்டத்தில் இறுகிக்கொண்டது. இழைத்துச் சரிசெய்தாள். மறுபடி இறுகியது. வீட்டுக்கடியில் தவழ்ந்துபோய் மரக்காலில் கத்தியைக் குத்தினாள். பிடிவரை இறங்கியது.

அன்றே கதவைக் கழற்றிவிட்டுக் கம்பளியைத் தொங்கவிட்டாள்.

“என்ன ஃபைனா, மாப்பிள்ளை யாராச்சும் வர்றானா? தொறந்து போட்டிருக்க?” என்றார் ஸகார்.

“காலு அழுகிப்போச்சுண்ணே. வீடு சாஞ்சா கதவு தொறக்காது, உங்களதையும் கழட்டிருங்க.”

“எங்காலா, வீட்டுக்காலா?”

நகராட்சி ஆள் வந்து பார்த்தார். ஆபத்தான கட்டடம்தான், மாற்றிடம் வரும்வரை பொறுங்கள் என்றார். குளிர்காலத்தில் சேறு உறைந்து வீட்டை இறுகப் பிடித்துக்கொண்டது. நாங்கள் மறந்தே போனோம். ஃபைனா மட்டும் கோட்டைக் கழற்றாமல் தூங்கினாள். சுவர்க்கட்டைகளின் இடுக்கில் அடைத்திருந்த பாசி தினமும் உதிர்ந்தது, கூட்டி அள்ளினாள்.

ஏப்ரலில் பனி உருகியது. ஒரு மதியம் பொதுச் சமையலறையில் மீன் சூப் வைத்துக்கொண்டிருந்தேன். சட்டிக்குள் சூப் ஒருபக்கமாகச் சாய்ந்தது. கீழே ஏதோ வெடித்தது.

ஃபைனா கோடரியோடு மாடியேறி வந்தாள். ஸகாரின் கதவு அசையவில்லை.

“தள்ளி நில்லுங்கண்ணே.”

“இப்பத்தாம்மா பெயிண்ட் அடிச்சேன்,” என்றார் உள்ளேயிருந்து.

அவள் பிளந்தாள். இருவருமாக அவரைத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். தெருவுக்கு வந்ததும் வீடு நீளமாக முனகியது. பிறகு கால்களை விட்டு, அவசரமே இல்லாமல், பக்கவாட்டில் நழுவிச் சேற்றில் உட்கார்ந்தது. ஸகார் அழுதார். ஃபைனா அடுத்த வீட்டின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேல்கட்டைகள் கொஞ்சமும் கெடவில்லை. அவற்றைக் கொண்டுபோய் ஸகார் மகளின் கிராமத்தில் நீராவிக் குளியலறை கட்டினார். அழைப்பை மறுக்க முடியாமல் ஃபைனா போனாள். உள்ளே நுழையாமல், பனியில் உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டுத் திரும்பினாள்.

எனக்கும் ஃபைனாவுக்கும் கிடைத்தது ஒட்டுப்பலகைகளால் எழுப்பிய புது மரக்கட்டடம். கால்கள் கான்கிரீட்.

“நூறு வருஷம் நிக்கும்க்கா,” என்றார் சாவி கொடுத்த பொறியாளர்.

“நிக்கட்டும் தம்பி,” என்றாள் ஃபைனா. சுவரில் வைத்த காதை அவள் எடுக்கவில்லை.

பனி உருகும் நாட்களில் அவள் தினமும் பழைய தெருவுக்கு நடக்கிறாள். அடுத்த வீட்டில் இன்னும் ஆட்கள் குடியிருக்கிறார்கள்.