அலாரம் அக்காவும் சிவப்புப் பட்டியலும்

நேரில் பார்க்காத மாணவர்கள்கூட அவளை அலாரம் அக்கா என்றுதான் சொல்வார்கள். பல்கலைக்கழக விடுதியில் பதினெட்டு வருடம் வார்டனாக இருந்தவள். கதவைத் தட்டும் பழக்கமெல்லாம் கிடையாது. தாழ்வாரத்தின் முனையில் நின்று ஒரு குரல் கொடுத்தால் மூன்று மாடிக்கும் தூக்கம் போய்விடும். அந்த வாயைப் பற்றிப் புகார் குவிந்ததும் நிர்வாகம் அவளை மாணவர் தொடர்புப் பிரிவுக்கு மாற்றியது. வாயை அடக்கச் சொன்னவர்களே நாள் முழுக்க போனில் பேசும் வேலையைக் கொடுத்தார்கள்.

வேலை இதுதான். ஆன்லைன் வகுப்புக்குள் யார் எத்தனை முறை வந்தார்கள், எத்தனை நிமிடம் இருந்தார்கள், எந்த வீடியோவைப் பாதியில் நிறுத்தினார்கள் என்று கம்ப்யூட்டர் எண்ணிக்கொண்டே இருக்கும். படிப்பை விட்டுவிடுவார்கள் என்று அதற்குத் தோன்றுகிறவர்களின் பெயரைத் திங்கட்கிழமை காலையில் சிவப்பில் காட்டும். அவர்களைக் கூப்பிட்டுப் பேசி, போகாமல் பிடித்து நிறுத்த வேண்டியது அலாரம் அக்கா. பட்டியலைத் தயாரிக்கும் அதிகாரி அவளைவிடப் பதினைந்து வயது சின்னவர். சதவீதம் சொல்லாமல் அவருக்குப் பேச்சே வராது. அதனால் அவருக்கு அவள் வைத்த பெயர் சதவீதம்.

நான்காவது வாரம், பட்டியலின் உச்சியில் ஒரு பெண். வயது இருபத்தொன்பது, மருந்துக் கிடங்கில் வேலை. வாரத்துக்கு மொத்தமே பதினோரு நிமிடம் வந்திருக்கிறாள். ஆறு முறை அடித்தும் எடுக்கவில்லை. அலாரம் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விடுதியில் பிள்ளைகள் மசியவில்லையென்றால் வீட்டுக்குப் போன் போடுவாள். அவளுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அது. விண்ணப்பத்தில் இருந்த இரண்டாவது எண்ணை அடித்தாள். எடுத்தது மாமியார்.

"உங்க மருமக படிக்கவே இல்லம்மா. பாதில விட்டுட்டுப் போயிடுவாங்கன்னு எங்க கம்ப்யூட்டரே சொல்லுது. கொஞ்சம் கண்டிச்சு வைங்க."

"ஓஹோ, அப்படியா சங்கதி!"

அந்தக் குரலில் இருந்த சந்தோஷம் அலாரம் அக்காவின் காதில் விழத்தான் செய்தது. பட்டியலில் ஒரு டிக் அடித்துவிட்டு அடுத்த எண்ணுக்குப் போனாள்.

மூன்றாம் நாள் அந்தப் பெண் கிடங்குச் சீருடையோடு வந்து, ஒரு காகிதக் கட்டை மேஜைமேல் பொத்தென்று போட்டாள்.

"நான் படிக்கலன்னு சொன்னது யாரு?"

"நான்தான். கத்தாதே. வாரத்துக்குப் பதினோரு நிமிஷம் வந்தா வேற என்ன சொல்றது?"

"கிடங்கு வாசல்லயே போன வாங்கிப் பூட்டிடுவாங்க. ஞாயித்துக்கிழமை என் தம்பி கடையில மொத்தப் பாடத்தையும் பிரிண்ட் எடுத்துக்குவேன். அதுக்குப் பதினோரு நிமிஷம் தாராளம். பஸ்ல படிக்கிறேன், சாப்பிடற நேரத்துல படிக்கிறேன். அத உங்க கம்ப்யூட்டர் எட்டிப் பாத்துச்சா?"

அலாரம் அக்கா காகிதங்களைப் புரட்டினாள். ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு.

"முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"நீங்க ஒரு வார்த்தை கேட்டீங்களா? எனக்குப் படிப்பு வராதுன்னு காலேஜே சொல்லிடுச்சுன்னு எங்க அத்தை தெருவெல்லாம் சொல்லியாச்சு. நிறுத்திடுன்னு வீட்டுக்காரர் ஒத்தக் கால்ல நிக்கிறார். இப்பவே போன் போட்டு லிஸ்ட் தப்புன்னு சொல்லுங்க."

போட்டாள். கணவன் எடுத்தான்.

"லிஸ்ட்ல தப்பு வந்துடுச்சு தம்பி. உங்க வீட்டம்மா நல்லாத்தான் படிக்கிறாங்க."

"பக்கத்துல நின்னுட்டுச் சொல்லச் சொல்றாளா? சீல் போட்டு எழுதிக் குடுங்க, பாக்கலாம்."

எழுதித் தர வேண்டியவர் சதவீதம். அலாரம் அக்கா அவர் அறைக்குள் போய்க் கேட்டாள்.

"அதெல்லாம் முடியாதுக்கா. நூத்துக்கு எண்பத்திரண்டு சரியா வருது."

"மிச்சப் பதினெட்டுல ஒருத்தி வெளியில நிக்கிறா. வந்து மூஞ்சியப் பாருங்க."

"ஒருத்தருக்குக் குடுத்தா நாளைக்கு ஊரே வரும். தினமும் பக்கத்தத் திறந்து வெக்கச் சொல்லுங்க. ரெண்டே வாரத்துல பச்சையாயிடும்."

"போனே பூட்டுல இருக்குங்கறேன்! நீங்கல்லாம் என்னத்தப் படிச்சீங்களோ."

எல்லாம் கதவுக்கு வெளியே கேட்டது.

"ரெண்டு வாரம் இந்தப் பேச்சு கேட்டுட்டு அந்த வீட்டுல என்னால இருக்க முடியாது," என்றாள் அந்தப் பெண். "விலகல் படிவம் குடுங்க."

"தரமாட்டேன். உக்காரு முதல்ல."

"நீங்க பண்ண நல்லதெல்லாம் போதும்."

அவளே அலமாரியிலிருந்து ஒரு படிவத்தை உருவினாள். காரணம் எழுத மூன்று கட்டங்கள்: வேலை, உடல்நலம், குடும்பம். மூன்றையும் விட்டுவிட்டு, ஓரத்தில் 'நீங்கள் வீட்டுக்குப் போன் செய்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"மன்னிச்சுக்கம்மா," என்றாள் அலாரம் அக்கா. பதினெட்டு வருட விடுதி வேலையில் யாரிடமும் சொல்லாத சொல்.

"அத எங்க அத்தைகிட்ட சொல்லுங்க."

போய்விட்டாள். காகிதக் கட்டை எடுத்துக்கொள்ளவில்லை. ஓரத்தில் எழுதியதைக் கம்ப்யூட்டரில் ஏற்ற இடமில்லாததால், சதவீதம் குடும்பம் என்ற கட்டத்தில் டிக் போட்டார்.

அடுத்த திங்கட்கிழமை நாற்பத்தொரு பெயரோடு புதுப் பட்டியலை நீட்டும்போது அவர் முகமெல்லாம் பல்.

"பாத்தீங்களாக்கா, அந்தப் பொண்ணு விலகிடும்னு நாலாவது வாரத்துலயே பிடிச்சுடுச்சு. இப்ப எண்பத்துமூணு."

"அது எங்க பிடிச்சுது? தள்ளி விட்டுச்சு. தள்ளுன கை என்னுது."

கத்தரிக்கோலை எடுத்தாள். வீட்டு எண்கள் இருந்த வரிசையை மேலிருந்து கீழ்வரை ஒரே வெட்டாக வெட்டிக் கிழித்துக் குப்பைத் தொட்டியில் போட்டாள்.

"ஆபீஸ் காகிதத்தைக் கிழிக்கறீங்க. மெமோ குடுக்க வேண்டியிருக்கும்."

"குடுங்க. அதுலயும் எத்தனை சதவீதம்னு எழுதிக் குடுங்க."

அவர் விறுவிறுவென்று உள்ளே போனார். அலாரம் அக்கா முதல் பெயருக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி அடிக்கவில்லை. எந்த நேரத்தில் பேசலாம் என்று கேட்டு ஒரு செய்தி மட்டும் அனுப்பிவிட்டு, டிக் போடாமல் இரண்டாவது பெயருக்குப் போனாள்.