வலது காலுக்கு ஒரு பற்றறி

போன செவ்வாய்க்கிழமை காலை, ஸ்கந்தபுரத்தில் எங்கள் பால் சேகரிப்பு நிலையத்தின் மேசைக்குக் கீழே ஒரு புதிய மோட்டார் சைக்கிள் பற்றறி சார்ஜில் கிடந்தது. முதல் நாள் யாழ்ப்பாணத்தில் தேடி எடுத்துவந்தது. அமிலம் ஊற்றிய பிறகு அவசரப்படாமல் மெதுவாக ஏறவிட வேண்டும் என்று கடையில் சொன்னதை இந்த முறை ஒரு சொல்லும் பிசகாமல் செய்திருந்தேன். ஏழரை மணியளவில் பரமேஸ்வரி அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து தொலைபேசி எடுத்தார்.

"அவர் போயிட்டார் தம்பி," என்றார். "உடன வெளிக்கிட வேண்டாம். சனம் பாலோட நிக்கும். எடுத்து முடிச்சிட்டு வாங்கோ."

அவருடைய கணவர் கதிர்வேலு அண்ணைக்கு நாற்பத்தேழு வயது. பதினொரு ஆண்டுகளாக எங்கள் பால் கூட்டுறவுச் சங்கத்துக்காக வீடு வீடாகப் போய்ப் பால் எடுத்தவர். சர்க்கரை வியாதியில் கால் புண் அழுகி, நஞ்சு உடம்பில் ஏறி இறந்தார் என்று ஆஸ்பத்திரிக் கடதாசி சொல்கிறது. அது பொய்யில்லை. அந்தப் புண் எப்படி வந்தது என்று எழுத அந்தக் கடதாசியில் இடமில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

அண்ணையின் பெற்றோர் மலையகத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து அடித்து விரட்டப்பட்டு வன்னிக்கு வந்தவர்கள். அண்ணை இங்கேதான் பிறந்தார். இங்கே படித்தார், இங்கே காடு வெட்டினார், இங்கேயே காலையும் கொடுத்தார். இருந்தும் இந்த ஊரில் சிலருக்கு அவர் கடைசிவரை வெளியிலிருந்து வந்த ஆள்தான்.

போரின் இறுதிச் சண்டையில் எறிகணை விழுந்து வலது கால் முழங்காலுக்குக் கீழே போனது. பிறகு பொய்க்கால் பொருத்தினார்கள். பொருத்திய காலத்தில் அவருக்குச் சதை இருந்தது. சர்க்கரை வந்து உடம்பு வற்றிய பிறகு, மிஞ்சிய கால் அந்தப் பிளாஸ்டிக் குழிக்குள் ஆடத் தொடங்கியது. ஒரு காலுறை போட்ட இடத்தில் இரண்டு போட்டார், பிறகு மூன்று. புதிய காலுக்குப் பெயர் பதிந்துவிட்டுக் காத்திருந்தார். அந்த அழைப்பு இன்னும் வரவில்லை.

நான் நான்கு ஆண்டுகளுக்கு முன் பால் சோதிப்பவனாக நிலையத்தில் சேர்ந்தேன். முதல் நாள் அவர் தன் மோட்டார் சைக்கிளை எனக்கு அறிமுகம் செய்துவைத்தார். "தம்பி, இடக்கால் அம்மா தந்தது. வலக்கால் பற்றறி தாறது" என்றார். விளங்காமல் நின்றேன். காட்டினார். மோட்டார் சைக்கிளின் கிக்கர் வலப்பக்கம் இருக்கிறது. பொய்க்காலால் அதை உதைக்க முடியாது. செல்ஃப் பொத்தானைப் பெருவிரலால் அழுத்தினால் வண்டி எழும்பும். காலையில் முப்பது வீடு, பின்னேரம் இருபது வீடு. ஒவ்வொரு வீட்டு வாசல் படலையிலும் நிற்பாட்டி, பாலை அளந்து பின்னால் கட்டிய பால் கானில் ஊற்றி, மறுபடியும் பெருவிரல். அப்படித்தான் அவர் ஒரு நாளைக்கு ஐம்பது தடவை எழும்பி நடந்தார்.

பால் தண்ணீராக இருந்தால் நான் முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிடுவேன். அண்ணை அப்படியில்லை. அக்கராயன் வீதியில் தங்கம்மா அக்கா என்றொருவர் இருக்கிறார். கணவன் காணாமல் போனவர்; ஒரு மாட்டோடும் இரண்டு பெண்பிள்ளைகளோடும் சீவிக்கிறார். ஒரு முறை அவருடைய பாலை நான் திருப்பி அனுப்பினேன். மறுநாள் அண்ணை அவரிடம் சொன்னதைக் கேட்டு நிலையமே சிரித்தது: "தங்கம்மாக்கா, மாடு மழையில நல்லா நனைஞ்சிட்டுது போல. இனிக் கறக்க முதல் குடை பிடியுங்கோ." அதன் பிறகு அந்தப் பாலில் தண்ணீர் இருக்கவில்லை.

வண்டியோடு வந்த பற்றறி ஆறு ஆண்டுகள் உழைத்தது. போன மாசியில் ஒரு காலை அது முற்றாகச் செத்தது. நிலையத்து வாசலிலிருந்து தள்ளி ஸ்டார்ட் செய்து, நானும் அவரும் கிளிநொச்சி நகரத்துக்குப் போனோம். நேரம் பத்தரை. மூன்று மணிக்குப் பின்னேரப் பால். அவர் போகாவிட்டால் இருபது வீட்டுப் பாலும் திரைந்துபோகும்.

கடைக்காரர் தட்டைத் தடவிப் பார்த்தார். "ஒறிஜினல் இல்லை. வரேக்க வரும். விலையும் உங்களுக்குச் சரிவராது" என்றார். பிறகு பளபளத்த ஒரு பெட்டியை மேசையில் வைத்தார். "இது பாதி விலைக்குத்தான். அளவு சரி. ஆறு மாசம் உத்தரவாதம்."

அண்ணை பெட்டியைக் கையில் தூக்கிப் பார்த்தார். "பாரம் குறைவாக் கிடக்கு" என்றார்.

"நீங்கள் பற்றறி வாங்க வந்தனீங்களோ, பூசணிக்காய் வாங்க வந்தனீங்களோ?" என்று கடைக்காரர் கேட்டார்.

அண்ணை என்னைப் பார்த்தார். நான்தான் சொன்னேன்: "எடுங்கோ அண்ணை. எல்லாம் ஒண்டுதான். பேர்தான் வேற."

அமிலம் ஊற்றிய பிறகு கடைக்காரர், "நாளைக்கு வரைக்கும் சார்ஜில கிடக்கட்டும், விடிய வந்து எடுங்கோ" என்றார். நேர்மையாகத்தான் சொன்னார். அண்ணை கடிகாரத்தைப் பார்த்தார். அதற்கும் நான்தான் பதில் சொன்னேன்: "என்னத்துக்கு அண்ணை? ஓடேக்க ஏறும்." எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம். புதுப் பற்றறிக்கு அமிலம் ஊற்றின கையோடு பூட்டிக்கொண்டு ஓடிவிடுவோம். யாருக்கும் ஒரு நாள் காத்திருக்க வசதியில்லை. ஆனால் நூறு மீற்றருக்கு ஒருமுறை நின்று ஐம்பது தடவை எழும்பும் வண்டியில் ஓட்டத்தில் எதுவும் ஏறாது. அது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

மூன்றாவது மாதம் பொத்தானை அழுத்தினால் 'டிக்' என்று மட்டும் கேட்கத் தொடங்கியது. கொஞ்ச நாள் இயந்திரத்தை நிற்பாட்டாமலே பால் அளந்தார். பெற்றோல் செலவு அதற்குக் கட்டுப்படியாகவில்லை. கடைக்குப் போனோம். கடைக்காரர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "சார்ஜ் போடாமல் பூட்டினது. உத்தரவாதம் செல்லாது" என்றார். அவர் சொன்னது சட்டப்படி சரி. சட்டம் எப்போதும் எங்களைப் போன்றவர்களிடம்தான் சரியாக இருக்கிறது.

பிறகு சங்கக் கூட்டம். அண்ணை எழுந்து நின்று கேட்டார். "நல்ல பற்றறி ஒண்டு சங்கம் எடுத்துத் தந்தா, மாசம் மாசம் என்ர காசில கழியுங்கோ." தலைவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "கதிர்வேலு, பால் எங்கட. வண்டி உங்கட. இண்டைக்குப் பற்றறி எண்டுவியள், நாளைக்கு ரயர் எண்டுவியள்." பின்வரிசையில் ஒரு குரல், எல்லோருக்கும் கேட்கும்படி மெதுவாக, "தோட்டத்தில இருந்து வந்ததுகளுக்குக் கேக்கத்தான் தெரியும்" என்றது. இரண்டு பேர் சிரித்தார்கள். கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தவன் நான். 'ஏனைய விடயங்கள் கலந்துரையாடப்பட்டன' என்று எழுதினேன். அந்த வரியின் கீழ் கையெழுத்தும் போட்டேன்.

அதற்குப் பிறகு அண்ணை உதைக்கத் தொடங்கினார். வண்டியை ஸ்டாண்டில் ஏற்றுவார். வலப்பக்கம் இறங்கி நின்று, இடது காலால் கிக்கரை மிதிப்பார். மிதிக்கும்போது உடம்பின் முழுப் பாரமும் பொய்க்காலில் இறங்கும். பிளாஸ்டிக் குழிக்குள் அந்த அரைக்கால் உரசும். ஒரு தடவையில் எழும்பினால் நல்லது. சில வேளைகளில் எட்டு, பத்து. ஒரு நாளைக்கு ஐம்பது படலை.

எவரிடமும் உதவி கேட்க மாட்டார். தங்கம்மா அக்கா ஒருநாள் பொறுக்க முடியாமல் பால் வாளியை வைத்துவிட்டு வந்தார். "தள்ளி நில்லுங்கோ அண்ணை, நான் உதைக்கிறன்."

"வேண்டாம். நீங்கள் உதைச்சா வண்டி கிளிநொச்சியிலதான் போய் நிக்கும்."

"பகிடியை விடுங்கோ. உங்கட முகத்தைப் பாத்தனீங்களோ?"

"பாக்கத் தேவையில்லை. மனிசி நெடுகச் சொல்லுறவா."

அக்கா உதைத்தார். வண்டி எழும்பியது. அண்ணை நன்றி சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினாராம். அடுத்த நாளிலிருந்து அக்கா வருவதற்கு முன்பே உதைத்து எழுப்பிவிடுவதற்காக, பாலை ஊற்றியதும் ஓடி ஓடி வண்டிக்குப் போனாராம். பொய்க்காலோடு ஓடினார் என்று அக்கா செத்த வீட்டில் சொல்லிச் சொல்லி அழுதார்.

இரண்டு வாரத்துக்கு முன் ஒரு காலை, மேசையில் கான்களைத் திறந்தபோது எனக்கு ஒரு கெட்ட மணம் அடித்தது. பால் பழுதாகிவிட்டது என்று நினைத்தேன். மூன்று கான்களையும் ஒவ்வொன்றாக முகர்ந்தேன். சோதித்தேன். மறுபடியும் முகர்ந்தேன். அண்ணை சுவரில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"பால் நல்ல பால் தம்பி," என்றார். "கெட்டது நான்தான்."

கதிரையில் இருத்திப் பொய்க்காலையும் காலுறைகளையும் கழற்றினேன். மூன்றாவது காலுறை தோலோடு வந்தது. அதற்கு மேல் எழுத மாட்டேன். "ஏன் அண்ணை சொல்லேல்லை?" என்று கத்தினேன். "சொன்னாக் காலைக் கழட்டி வை எண்டுவினம். கழட்டினா ஆர் பால் எடுக்கிறது?" என்று கேட்டார். அன்றே அவரைக் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு மாற்றினார்கள். முழங்காலுக்கு மேலே வெட்ட வேண்டும் என்றார்கள். அவர் வைத்தியரிடம் ஒரேயொரு கேள்விதான் கேட்டார்: "மேல வெட்டினா மோட்டார் சைக்கிள் ஓடலாமோ, டொக்டர்?" வைத்தியர் இளம் பெண். அண்ணையின் கையைப் பிடித்துக்கொண்டு, "முதல்ல உயிர் தப்புவம் ஐயா" என்றார். அந்தப் பிள்ளைக்கு நன்றி. பல மாதங்களில் அண்ணையோடு ஒழுங்காகக் கதைத்த முதல் உத்தியோகத்தர் அவர்தான்.

நான் கடைசியாகப் பார்த்தது ஞாயிறு. நல்ல பற்றறி ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன் என்று சொன்னேன். காய்ச்சலில் கண் சிவந்திருந்தது. "இந்த முறை சார்ஜில போடு," என்றார். குற்றம் சொல்லும் குரலில்லை. வேலை சொல்லும் குரல். அதுதான் என்னால் தாங்க முடியாமல் இருக்கிறது. திங்கள் போய் வாங்கினேன். செவ்வாய் விடியும்போது அது பாதிதான் ஏறியிருந்தது.

செத்த வீட்டில் சங்கத் தலைவர் ஒலிவாங்கியில் பேசினார். "அன்னார் ஓய்வறியா உழைப்பாளி" என்றார். அண்ணைக்கு ஓய்வு நன்றாகத் தெரியும். பால் இல்லாத நேரத்தில் பொய்க்காலைக் கழற்றி வேலியில் சாத்திவிட்டு, முற்றத்து மண்ணில் இடது காலை நீட்டியபடி வானொலி கேட்பது அவருக்குப் பிடிக்கும். ஓய்வு அவரைத் தேடி வந்ததேயில்லை, அவ்வளவுதான். நான் எழுந்து இதைச் சொல்லியிருக்க வேண்டும். கூட்டத்தில் இருந்தது போலவே அங்கேயும் குனிந்துகொண்டிருந்தேன். இந்தக் கட்டுரை அந்த இரண்டு குனிவுக்கும் சேர்த்து.

மறுநாளே நிலையத்துக் கதவில் அறிவித்தல் ஒட்டினார்கள். பால் சேகரிக்க ஆள் தேவை. 'சொந்த மோட்டார் சைக்கிள் உடையவராக இருத்தல் வேண்டும்' என்று அதில் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலை பரமேஸ்வரி அக்காவிடம் கேட்டு, முற்றத்தில் நின்ற அண்ணையின் வண்டியில் புதுப் பற்றறியைப் பூட்டினேன். கான்களை யாரோ கழுவி வேலியில் கவிழ்த்திருந்தார்கள். நான் சாவியைத் திருப்பிப் பொத்தானை அழுத்தினேன். முதல் அழுத்தலிலேயே எழும்பியது. அக்கா முகத்தைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார்.

வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று மட்டுமே நினைத்தேன். அக்கராயன் வீதியில் திரும்பியதும் படலைகள் திறந்தன. ஒவ்வொரு படலையிலும் ஒரு பெண், கையில் பால் வாளி. அவர்களுக்குத் தெரியும் அவர் இல்லையென்று. எல்லோரும் இறுதிக் கிரியைக்கு வந்தவர்கள். ஆனால் அந்த இயந்திரச் சத்தத்துக்கு அவர்களுடைய கைகள் ஆறு ஆண்டுகளுக்கு மேலாகப் பழகியிருந்தன.

தங்கம்மா அக்கா வாளியோடு வீதிக்கு வந்து என்னைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார்.

"நிப்பாட்டு," என்றார். நிற்பாட்டினேன். "இப்ப ஸ்டார்ட் பண்ணு."

அழுத்தினேன். எழும்பியது.

"திருப்பியும்."

எழும்பியது. அக்கா வாளியை வீதியில் வைத்துவிட்டு, அண்ணை நின்று உதைத்த அந்தப் பக்கத்தில், வெறும் மண்ணில் குந்தினார்.

கதிர்வேலு அண்ணை, போய் வாருங்கள். பற்றறி நல்லது. சார்ஜும் முழுக்க ஏறியிருக்கிறது.