அத்தான் தேர்ந்தெடுத்த கூண்டு

என் அக்காவின் கணவருக்கு அவர் வேலை பார்க்கும் ஹோட்டலில் ‘விரல்’ என்று பெயர். நேரில் மட்டும் ‘சார்’ என்பார்கள். பணியாளர்கள் அறைகளைச் சுத்தம் செய்து முடித்ததும், ஒழுங்காகச் செய்தார்களா என்று பார்ப்பது அவர் வேலை. கதவின் மேல்விளிம்பு, கட்டிலின் தலைமாட்டுப் பலகைக்குப் பின்பக்கம் என்று யார் கண்ணிலும் படாத இடமாகத் தேடி, ஆள்காட்டி விரலால் ஓர் இழுப்பு இழுப்பார். தூசி ஒட்டினால் பேசமாட்டார், விரலை மட்டும் தூக்கிக் காட்டுவார். காலையிலிருந்து முதுகொடிய வேலை செய்தவர்கள் அதைப் பார்த்து மனசுக்குள் என்ன சொல்வார்கள் என்பதை இங்கே எழுத முடியாது.

அவருக்கு ஒரே சட்டம்தான். “ஆள் இருந்த அடையாளமே தெரியக்கூடாதுப்பா” என்பார். ஒரு தலைமுடி, ஒரு வாசனை, தலையணையில் ஒரு பள்ளம், எதுவும் மிஞ்சக் கூடாது. ஹோட்டலுக்கு அது சரி. மனிதர் அதை வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அக்கா வீட்டில் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினால் டம்ளர் இருக்காது. நான் அங்கே போனால் டீயைக் கையில் பிடித்தபடியேதான் பேசுவேன்.

இப்பேர்ப்பட்ட வீட்டுக்குத்தான் கினிப்பன்றி வந்து சேர்ந்தது. பன்றியெல்லாம் இல்லை. முயலைவிடச் சின்னது, வால் கிடையாது, பயந்த பிராணி. அக்கா மகளின் தோழி வீட்டார் ஊரைவிட்டுப் போகிறார்கள், அதை யாரிடமாவது விட்டுவிட்டுப் போக வேண்டும். எட்டாவது படிக்கும் அக்கா மகள் வாய் திறந்து எதையும் கேட்கிற பிள்ளை இல்லை. அவளே கேட்டுவிட்டதால் அத்தானால் மறுக்க முடியவில்லை. நிபந்தனை போட்டார்.

“வீட்டுக்குள்ள கொண்டு வரக்கூடாது. வெளியில கூண்டு வாங்கித் தரேன். சுலபமா கழுவுற மாதிரி கூண்டு. ஒரு நாள் நாத்தம் வந்தாலும் யாருக்காவது குடுத்துருவேன், சொல்லிட்டேன்.”

“சரிப்பா” என்றாள். வேறென்ன சொல்வாள்?

கூண்டு வாங்க என்னையும் இழுத்துக்கொண்டு போனார், வண்டி என்னிடம்தானே இருக்கிறது. முதல் கடையில் மரக்கூண்டு ஒன்றைக் காட்டினார்கள். சரிவான கூரை, முன்னால் கம்பிவலை, ஓரத்தில் இருட்டாக ஒரு குட்டி அறை. அத்தான் விரலை உள்ளே விட்டார். மூலை எட்டவில்லை.

“இந்த ரூம் எதுக்கு?”

“அது ஒளிஞ்சுக்கறதுக்கு சார்” என்றார் கடைக்காரர்.

“எதுக்கு ஒளியணும்? என்ன தப்பு பண்ணுச்சு?”

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

அடுத்த கடையில் தரை முழுக்கக் கம்பி. “கால் புண்ணாயிடும் அத்தான்” என்றேன். உடனே வேண்டாம் என்றார். காலுக்காக இல்லை, கம்பி இடுக்கில் அழுக்கு தங்குமாம். கடைசியாக ஓரிடத்தில் வெள்ளை பிளாஸ்டிக் கூண்டு ஒன்று கிடைத்தது. மூலைகள் எல்லாம் வளைவு, மேஜை இழுப்பறை மாதிரி இழுத்தால் வெளியே வரும் தட்டு, முன்பக்கம் கண்ணாடி மாதிரித் தெளிவு. விரலை ஒரு சுற்று சுற்றினார், எங்கேயும் இடிக்கவில்லை. கல்யாணத்தன்றுகூட அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

வீட்டின் பின்பக்கம் நிழலில் கூண்டு அமர்ந்தது. காலையில் வேலைக்குக் கிளம்புமுன் தட்டை இழுத்து, வைக்கோலை மொத்தமாகக் கொட்டி, ஹோட்டலில் அடிக்கும் அதே மருந்தை அடித்துத் துடைப்பார். சாயங்காலம் வந்ததும் மறுபடியும் அதே கூத்து. அது ஒளிந்துகொள்ளட்டும் என்று அக்கா மகள் ஓர் அட்டைப்பெட்டியை ஓட்டை போட்டு உள்ளே வைத்தாள். சாயங்காலம் அது குப்பையில் கிடந்தது. நாற்றம் என்று ஒன்று, சும்மா சொல்லக்கூடாது, துளியும் இல்லை. கினிப்பன்றி இருப்பதே தெரியவில்லை.

தான் இருப்பது அதற்கே தெரியவில்லை போலிருக்கிறது. ஒடுங்கி உட்கார்ந்தது. பிறகு தின்பதை நிறுத்தியது.

“மாமா, வெள்ளரிக்காய்கூட வேணாங்குது. செத்துப்போயிடுமா?” என்று போனில் அழுதாள். வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். நால்வருமாகக் கால்நடை மருத்துவரிடம் போனோம்.

டாக்டரம்மா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, “நல்லவேளை இப்பவாவது வந்தீங்க. இது பட்டினி தாங்காது” என்றார். “கூண்டை எப்பல்லாம் கழுவுறீங்க?”

“காலையில, சாயங்காலம். மருந்து போட்டு” என்றார் அத்தான், பாராட்டை எதிர்பார்த்து.

“தன்னோட வாசனையை வச்சுதான் இது நம்ம இடம்னு அதுக்குத் தெரியும். நீங்க காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை அதை வீட்டைக் காலி பண்ண வைக்கிறீங்க. ஒளிஞ்சுக்கவாவது இடம் இருக்கா? உங்க கை போகாத ஒரு மூலை?”

அத்தான் தன் விரலைப் பார்த்தார். அவர் மகள்தான் பதில் சொன்னாள்.

“எங்க வீட்ல யாருக்குமே அப்படி மூலை கிடையாது டாக்டர்.”

குறையாகச் சொல்லவில்லை. விலாசம் கேட்டால் சொல்வது மாதிரி சொன்னாள். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இத்தனை வருஷமாக அவரைக் கேலி செய்தே பிழைத்த எனக்கு அப்போது ஒரு கேலியும் வரவில்லை. பாவமாக இருந்தது, அவரைப் பார்த்தும்.

திரும்பும் வழியில் முதல் கடைக்கு வண்டியை விடச் சொன்னார். மரக்கூண்டு அங்கேயே இருந்தது.

“மூலைக்குக் கை போகாதே சார்” என்றார் கடைக்காரர்.

“போக வேண்டாம்.”

ஊசியில்லாத சிரிஞ்சில் டாக்டர் கொடுத்த தீவனக் கரைசலை ஊட்டி ஊட்டித் தேற்றினாள் அக்கா மகள். ஒரு நாள் அந்த இருட்டு அறைக்குள்ளிருந்து வைக்கோல் மெல்லும் சத்தம் கேட்டதாம். இப்போது அத்தான் நனைந்த இடத்தை மட்டும் எடுக்கிறார். பழைய வைக்கோலில் ஒரு பிடியை விட்டுவைக்கிறார். விட்டுவைக்கும்போது முகத்தைப் பார்க்க வேண்டும், சொத்தை எழுதிக் கொடுக்கிறவர் மாதிரி இருக்கும்.

போன வாரம் போயிருந்தேன். அக்கா மகளின் அறைக்கதவு சாத்தியிருந்தது. அந்த வீட்டில் சாத்திய கதவை அன்றுதான் பார்த்தேன். அத்தான் துடைக்கும் துணியோடு கதவு முன்னால் வந்து நின்றார். விரலைத் தூக்கினார். மேல்விளிம்பில் இழுக்கப்போகிறார் என்று நினைத்தேன். விரலை மடக்கித் தட்டினார். ஹோட்டலில் முன்பின் தெரியாதவர்களின் கதவை ஆயிரம் தடவை தட்டியிருப்பார், சொந்த வீட்டில் தட்டியது அன்றுதான்.

“உள்ள வரலாமாம்மா?”

“இப்ப வேணாம்ப்பா.”

“சரிம்மா” என்று திரும்பிவிட்டார். போகிற போக்கில், அதிர்ச்சியில் நான் கீழே வைத்திருந்த டீயை எடுத்துக்கொண்டு போனார். பாதிதான் குடித்திருந்தேன்.