லாசர் பட்டறையின் இரண்டாவது வாசல்

படப்பையிலிருந்து ஒரகடம் போகும் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, வயல் பக்கமாகக் கொஞ்ச தூரம் உள்ளே நடந்தால் லாசர் வீடு வரும். அந்தச் சுற்றுவட்டாரத்தில் புது வீடு கட்டுகிறவர்கள் கொத்தனாரை முடிவு செய்வதற்கு முன்பே தச்சு வேலைக்கு லாசரைக் கேட்டு வைத்துக்கொள்வார்கள். வேலை எங்கேயோ அங்கேயே தங்கிவிடுவார். கூரைக்கு மரம் ஏற்றி, நிலை வைத்து, ஜன்னல் பூட்டி, கடைசிக் கதவையும் மாட்டி, அது சத்தம் போடாமல் சாத்துகிறதா என்று இரண்டு மூன்று தரம் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் சைக்கிளை எடுப்பார். ஒரு வாரம் வாலாஜாபாத், இன்னொரு வாரம் செம்பரம்பாக்கம் ஏரிக்கரை ஊர்கள். ஊருக்கு ஊர் அவருக்கென்று ஒரு டீக்கடை இருந்தது. வீட்டில் இருந்த நாட்களைவிட வெளியே இருந்த நாட்கள்தான் அதிகம். மனைவி ஞானம்மாவுக்கும் அது பழகிப்போயிருந்தது.

1990 கோடையில் ஓட்டு வீடு ஒன்றுக்கு மேல் மரம் ஏற்றிக்கொண்டிருந்தபோது கால் வழுக்கிக் கீழே விழுந்தார். இடது முழங்கால் நொறுங்கிவிட்டது. கட்டுப் போட்டார்கள், அவிழ்த்தார்கள், மறுபடியும் போட்டார்கள். எலும்பு கூடியது. ஆனால் முழங்கால் மடங்கவில்லை. நீட்டிய கால் நீட்டியபடியே நின்றுவிட்டது.

ஏணியும் சைக்கிளும் போனது போகட்டும். தரையில் உட்கார முடியாமல் போனதுதான் லாசரைக் கொன்றது. நம் பக்கத்துத் தச்சர்கள் தரையில் உட்கார்ந்து, மரத்தைக் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் இழைப்பார்கள், உளி போடுவார்கள். அந்தக் கால் இல்லாமல் எப்படி வேலை செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. கட்டிலில் படுத்துக்கொண்டு கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வழி கண்டுபிடித்தவள் ஞானம்மாதான். வீட்டுக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகை ஒன்று சும்மா கிடந்தது. மூன்று பக்கம் மண் சுவர், வயலைப் பார்த்த பக்கம் திறந்த வெளி. லாசரோடு பல வருடம் வேலை செய்த கொத்தனார் ரகுபதியைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"இத பட்டறையா பண்ணிக் குடு ரகுபதி. நின்னுக்கினே வேல செய்ற மாதிரி ஒரு மேச வோணும் அவருக்கு."

"செஞ்சிடலாம் அண்ணி," என்றான் ரகுபதி. "அண்ணன் வூட்ல இருந்துக்கினே செய்யட்டும். ஆர்டர் நான் புட்ச்சினு வரேன்."

இடுப்பு உயரத்தில் கனமான மேசை ஒன்று வந்தது. மரத்தைக் கவ்விப் பிடிக்க, மேசை ஓரத்தில் இரும்பு வைஸ் ஒன்றைப் பூட்டினார்கள். நின்றுகொண்டு இழைப்புளி தள்ள லாசர் முதலிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. ஆரம்பத்தில் பலகை ஒரு பக்கம் பள்ளமாகப் போகும். கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுத் திரும்ப இழைப்பார். சில மாதங்களில் கை பழகிவிட்டது. ஸ்டூல், ஜன்னல் சட்டம், கதவு என்று ரகுபதி கொண்டுவந்த வேலைகளையெல்லாம் அந்த மேசையிலேயே செய்து கொடுத்தார்.

ஞானம்மா அதோடு நிற்கவில்லை. கைத்தடி வழுக்கக் கூடாது என்று தரைக்குச் சொரசொரப்பாக சிமெண்ட் போட வைத்தாள். கூரையில் கீற்றை எடுத்துவிட்டு ஷீட் போட்டாள். சாமான்களைத் தேடி நடக்க வேண்டாம் என்று மேசைக்கு நேர் எதிரே சுவர் முழுக்க ஆணி அடித்து உளியும் ரம்பமும் மாட்டினாள். பலகைக்காகக் குனிய வேண்டாம் என்று வீட்டுப் பக்கச் சுவரில் இருந்த வாசலுக்கு மேலே ஒரு பரண் கட்டச் சொன்னாள். சைக்கிள் மணி ஒன்றை அடுப்படியில் கட்டி, அதன் கயிற்றைப் பட்டறைவரை இழுத்துவிட்டாள். தாகமெடுத்தால் கயிற்றை இழுத்தால் போதும்.

"நீ ஒண்ணுத்துக்கும் நவுர வேணாம்," என்றாள். "எல்லாம் கை எட்ற தூரத்துலயே கீது."

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஞானம்மாவைப் புகழ்ந்தார்கள். லாசரும் தலையாட்டுவார். அவர் கதவு செய்வார். ரகுபதி வந்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போவான். அது எந்த வீட்டில், எந்தத் திசை பார்த்து நிற்கிறது என்று அவருக்குத் தெரியாது. கொண்டுபோய் மாட்டியவன் கீலைச் சரியாக வைத்தானா என்றும் தெரியாது. ஆர்டர் சொல்ல வருகிறவர்கள் ஞானம்மாவிடம் முன்வாசலிலேயே அளவு கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். "வேலைல கீறாரு, தொந்தரவு பண்ண வேணாம்" என்று அவள் சொல்வது கொட்டகைவரை கேட்கும்.

91 மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்தபோது நாடே இந்தப் பக்கம் திரும்பியது. பஸ் இல்லை, கடை இல்லை. ஊரில் பாதிப்பேர் ரோட்டோரம் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் நடந்ததை லாசர் ரேடியோவில்தான் கேட்டார். எத்தனையோ தரம் சைக்கிளில் போன ஊர். அதைப் பற்றி டெல்லியிலிருந்து யாரோ அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஆவணியில் சாரல் அடித்துப் பலகைகள் நனைந்தன. திறந்த பக்கத்தையும் அடைத்துவிடலாம் என்றாள் ஞானம்மா. வயலும் வரப்பும், தூரத்தில் ரோட்டில் போகும் பஸ்ஸின் மேல்பாதியும் தெரிந்துகொண்டிருந்த பக்கம் அது. மரம் நனைந்தால் வேலை கெடும் என்று லாசருக்குத் தெரியாதா? மறுத்துச் சொல்ல அவரிடம் காரணம் இல்லை. தன் கையாலேயே பலகைகளை அளந்து, அறுத்து, எட்டாத இடத்துக்கு ரகுபதியை வைத்துக்கொண்டு, தரையிலிருந்து கூரைவரை வரிசையாக ஆணி அடித்தார். கடைசிப் பலகை ஏறியதும் உள்ளே டியூப்லைட் போட வேண்டியதாயிற்று. அன்று முதல் பகலிலும் அந்த வெளிச்சம்தான்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் ரகுபதி நனைந்துகொண்டே வந்தான்.

"வாலாஜாபாத்துல வெங்கடேசன் வூட்டுக்கு ஒரு வாசக்கதவு செஞ்சியே அண்ணே, அது சாத்த மாட்டேங்குதாம். மழைல மரம் ஊறிக்கிச்சு. வேற ஆள வெச்சி சீவிக்கிறேன்றாரு."

"வேற ஆளா? எவன் அவன்?" லாசர் இழைப்புளியைக் கீழே வைத்தார். "எந்தப் பக்கம் இடிக்குதுன்னு பாக்காம கண்ட இடத்துல சீவிட்டான்னா, வெயில் வந்ததும் வெரலு நொழயற சந்து வுழும். நானே வரேன்."

வாசலில் நின்றிருந்த ஞானம்மா குறுக்கிட்டாள். "இந்த மழைல நீ எங்க போவப் போற? வழுக்கி வுழுந்தின்னா மிச்சம் இருக்கிற காலும் போயிடும். ரகுபதி பாத்துக்கும், வுடு."

ரகுபதி இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, "மழ வுட்டதும் பாத்துக்கலாம் அண்ணே," என்று கிளம்பிப் போனான்.

மறுநாள் மத்தியானம் ஞானம்மா மண்ணெண்ணெய் வாங்கப் படப்பைக்குப் போனாள். மழை ஷீட்டின் மேல் கொட்டிக்கொண்டிருந்தது. ஈரம் குடித்த மண் சுவர், பரணின் பாரத்தைத் தாங்கவில்லை. பரண் மொத்தமும் சரிந்து, அதிலிருந்த பலகைகள் வாசலுக்குக் குறுக்கே தடதடவென்று விழுந்தன. உள்பக்கமாகத் திறக்கும் கதவு அவற்றின் பின்னால் மாட்டிக்கொண்டது.

லாசருக்கு அடிபடவில்லை. பலகைகளை இழுத்துப் பார்த்தார். ஒன்றுக்குள் ஒன்று சிக்கியிருந்தன. அடியில் இருப்பதை எடுத்தால்தான் மேலே இருப்பது அசையும். அடியில் இருப்பதைக் குனிந்து எடுக்க அவரால் முடியாது. கயிற்றை இழுத்தார். ஆளில்லாத அடுப்படியில் மணி அடித்தது. கத்தினார். மழைச் சத்தத்தில் அவர் குரல் அவருக்கே சரியாகக் கேட்கவில்லை.

பயப்பட ஒன்றுமில்லை என்று அவருக்குத் தெரியும். சாயங்காலத்துக்குள் ஞானம்மா வந்துவிடுவாள், ஆளைக் கூட்டிவந்து கதவைத் திறந்துவிடுவாள். ஸ்டூலில் உட்கார்ந்து காத்திருந்தால் போதும். உட்கார்ந்தும் பார்த்தார். எதிரே சுவர் முழுக்க அவருடைய சாமான்கள் ஒழுங்காகத் தொங்கிக்கொண்டிருந்தன. மூச்சு வாங்கியது. சட்டைப் பித்தானைக் கழற்றினார். சிமெண்ட் தரையும் டியூப்லைட்டும் கை எட்டும் தூரத்து உளிகளும் எல்லாமாகச் சேர்ந்து தன்னைச் சுற்றி நெருக்குவதாக அவருக்குப் பட்டது. இன்னும் ஒரு நிமிடம் உள்ளே இருந்தால் செத்துவிடுவோம் என்று நிஜமாகவே நம்பினார்.

எழுந்து பெரிய உளியையும் சுத்தியையும் எடுத்தார். வயல் பக்கத்து அடைப்பில் இரண்டு பலகைகளுக்கு நடுவே உளியை அறைந்து துளை போட்டார். ரம்பத்தை உள்ளே விட்டு அறுக்கத் தொடங்கினார். தானே பார்த்துப் பார்த்து இழைத்த பலகைகள். ஆள் உயரத்துக்கு ஒரு பக்கம், பிறகு மறுபக்கம். கடைசியில் தோளால் இடித்ததும் அடைப்பு வெளியே சாய்ந்து சேற்றில் விழுந்தது.

ஞானம்மா வந்தபோது லாசர் வரப்பில் கைத்தடியை ஊன்றி நின்றிருந்தார். உடம்பெல்லாம் நனைந்து, கையில் சிராய்ப்பு. அவள் மண்ணெண்ணெய்க் கேனைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். விழுந்த பரணையும் அறுத்த அடைப்பையும் பார்த்ததும் நடந்தது அவளுக்குப் புரிந்தது.

"நான் வர்ற வரைக்கும் இருக்கக் கூடாதா? இம்மாம் அழகா அடச்ச பலகைய இப்படியா அறுப்ப?"

"இருக்க முடியல ஞானம்."

"இன்னா முடியல? இன்னா கொற வெச்சேன் உனக்கு?"

"ஒரு கொறயும் இல்ல," என்றார் லாசர். "நீ செஞ்சது எல்லாமே நல்லா கீது. எனக்குத்தான் மூச்சு முட்டுது. ஜெயில்ல போட்டா எட்டி ஒதச்சாவது பாக்கலாம். இத இன்னான்னு சொல்லி ஒதைக்கிறது?"

ஞானம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அப்புறம், மழையில் நின்றபடியே, லாசர் அதுவரை கேட்டிராத குரலில் பேசினாள்.

"நீ மட்டும்தான் அடஞ்சி கெடக்கறியா? செங்கல்பட்டுல நம்ம பொண்ணு கிரேசிக்குக் கொழந்த பொறந்து, அது மொகத்தக்கூட நான் சரியா பாக்கல. காலைல போயி மத்தியானம் ஓடியாந்தேன். நடவுக்கு வரியான்னு பொம்பளைங்க கூப்ட்டுக் கூப்ட்டு இப்ப கூப்புட்றதே இல்ல. நீ தண்ணிக்கு எழுந்து வுழுந்துடுவியோன்னு கோயிலுக்குப் போனாலும் பூச முடியறதுக்குள்ள வந்துட்றேன். தர போட்டதும் பரண் கட்னதும் எதுக்குன்னு நெனச்ச? எல்லாம் கிட்டயே இருந்துச்சின்னா நான் ரெண்டு நாளு தைரியமா எங்கனா போலாம்னுதான்யா."

"போயிருக்கலாமே. நான் வேணான்னனா?"

"சொல்லல. ஆனா நீ அந்தக் கயிற இழுத்துக்கினே கீறியே."

லாசர் தாகமில்லாமலும் எத்தனையோ தரம் அந்தக் கயிற்றை இழுத்திருக்கிறார். யாராவது உள்ளே வந்தால் தேவலை என்றிருக்கும். ஒவ்வொரு தடவையும் அவள் கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டு வந்தாள் என்பதை அவர் யோசித்ததே இல்லை.

அறுத்த இடத்தை மறுபடி அடைக்கவில்லை. லாசர் அதற்கு ஒரு நிலை செய்தார், இரட்டைக் கதவு செய்தார். ரகுபதி வெளியே படி இல்லாமல் சரிவாக மண் கொட்டிச் செங்கல் பதித்துக் கொடுத்தான். பலகைகளையெல்லாம் தரையோடு ஒரு ஓரமாக அடுக்கினார்கள். எடுத்துத் தர ஆள் வேண்டியிருந்தது, இருக்கட்டும் என்று விட்டார்கள். மேசையையும் வாசலோரம் நகர்த்தினார்கள். சாரல் அடித்தது. கோழிகள் உள்ளே வந்தன. ஒரு நாய் மரச்சீவல் குவியலில் குட்டி போட்டது. பழைய பட்டறை இதைவிட ஒழுங்காக இருந்தது என்று ஞானம்மா அவ்வப்போது சொல்லிக்கொண்டிருந்தாள்.

மழை விட்ட ஒரு நாள், ரகுபதியின் மொபெட்டில் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு, லாசர் வாலாஜாபாத் போய்ச் சேர்ந்தார். வெங்கடேசன் வேறு ஆளைக் கூப்பிட்டிருக்கவில்லை. கதவு மேல் மூலையில் மட்டும் நிலையில் உரசிக்கொண்டிருந்தது. கழற்றாமல், நின்றபடியே, அந்த இடத்தை மட்டும் மெல்லிசாகச் சீவினார். இழுத்துச் சாத்தினார், திறந்தார், மறுபடி சாத்தினார். "போதும் லாசர், கதவு தேஞ்சிடப் போவுது," என்று வெங்கடேசன் சிரித்தார். திரும்பி வரும்போது இடுப்பு வலியில் உயிர் போனது. நான்கு நாள் எழுந்திருக்க முடியவில்லை. அப்படி அடிக்கடி போக முடியாது என்பதும் அன்றைக்கே தெரிந்துவிட்டது. அதன் பிறகும் வருடத்தின் பெரும்பகுதி அவருக்கு அந்தக் கொட்டகைதான்.

கிறிஸ்துமஸ் கழிந்ததும் ஞானம்மா செங்கல்பட்டு போனாள். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றவள் வரவில்லை. திங்களும் வரவில்லை. லாசர் சோற்றைக் குழைத்தும் கருக்கியும் தின்றார். பஸ் நிற்கும் சத்தம் கேட்டபோதெல்லாம் இழைப்பை நிறுத்திவிட்டு ரோட்டைப் பார்த்தார். அவள் வீட்டில் உட்கார்ந்து தன்னை எதிர்பார்த்த வருடங்கள் எல்லாம் அப்போது அவர் நினைப்பில் வந்தன.

புதன்கிழமை மத்தியானம் அவள் வரப்பு வழியாகவே நடந்து நேராகப் பட்டறைக்குள் வந்தாள். பையை மேசைமேல் வைத்தாள்.

"வர மனசே இல்ல," என்றாள்.

"தெரியுது," என்றார் லாசர். "கொழந்த எப்படி கீது?"

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தாள். குழந்தை குப்புற விழுகிறது, மருமகன் சம்பளம் ஏறியிருக்கிறது, பஸ்ஸில் ஒரு பொம்பளை சண்டை போட்டாள். லாசர் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

"தையில மறுபடியும் போவேன்," என்றாள் ஞானம்மா கடைசியில்.

"போய்ட்டு வா," என்றார் லாசர். "எந்தக் கெழமன்னு மட்டும் சரியா சொல்லிட்டுப் போ."